மணலெழுத்தும் மறைப்பணியாளரும்

தமிழ்நாட்டிற்கு வந்த கிறித்தவ மறைப்பணியாளருள் நம் புலவருலகம் நன்கறிந்தோர் பெரும்பாலும் நூலாசிரியராய் விளங்கியோரே ஆவர். வீரமாமுனிவர் என்றதும் சதுரகராதியும் தேம்பாவணியும் நினைவிற்கு வருகின்றன. கால்டுவெல் என்றதும் 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணமும், போப் என்றதும் திருக்குறள், திருவாசக மொழிபெயர்ப்புகளும் நம் கண்முன் நிற்கின்றன. ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் ‘கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர்’ என ஒரு நூலே இயற்றி இத்தகையோரைப் போற்றினார். அது தக்கதே. ஆயினும், கடல் கடந்து வந்த இவர்களுள் பலருடைய நாட்கள் ஏடெழுதுவதில் மட்டும் கழிந்தன அல்ல. ஐந்தும் ஆறும் வயதுடைய சிறுவர் சிறுமியரிடையே, அரிச்சுவடி சொல்லும் ஓசையின் நடுவே கழிந்தன. அப்பகுதியைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளே கூறிச் செல்கின்றன.

அவ்வொரு பகுதியையே இக்கட்டுரை ஆராய்கின்றது. பாலர்க்குக் கற்பிக்க வந்த அயல்நாட்டார் முதற்கண் அப்பாலரோடு அமர்ந்து கற்றவராயினர் என்பதும், அங்ஙனம் கற்றதன் சுவடு அவர்தம் தமிழறிவிலும் கல்வி முறையிலும் ஆழப் பதிந்தது என்பதும் நாம் காட்ட விரும்பும் கருத்து. அக்கல்வி அவர்க்கு மகிழ்ச்சியைத் தந்தது. சிலபோது அவர் விரும்பாத பாடத்தையும் தந்தது.

நாம் வாழும் எண்ணூர், வடக்கே பழவேற்காட்டிற்கும் தெற்கே சென்னைக் கோட்டைக்கும் இடையே, கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்த ஊர். இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இக்கடற்கரையில் கல்வி வரலாறு தேடுவாரைக் கண்டு சிலர் நகைத்தலும் கூடும். ஆனால், எண்ணூர்க்குத் தெற்கே அணித்தாக உள்ள திருவொற்றியூர்க் கோயிலில், சோழர் காலத்தே வியாகரணம் கற்பித்தற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டையில் 1630-களில் சமய குருவாயிருந்த ஆபிரகாம் ரோச்சர் என்பவர், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் போர்த்துக்கேசிய மொழி வாயிலாகக் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். அது அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. தென்னாட்டுச் சமய வழக்கங்களை ஐரோப்பியர்க்கு விரிவாக அறிவித்த முதல் நூல்களுள் ஒன்றாயிற்று.

ரோச்சரை இங்கே நாம் குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கற்றது முதிர்ந்த அறிஞர் ஒருவரிடம். அதுவும் இருவர்க்கும் தாய்மொழியல்லாத மூன்றாம் மொழியில். ஆகவே அவர் நூலில் தென்னாட்டுச் சடங்குகள் உண்டு. பர்த்துருகரியின் நீதி நூற் பகுதிகள் டச்சு மொழியில் உண்டு. தமிழ் பேசும் குழந்தையின் குரல் இல்லை. இதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லோம். கற்கும் வாயில் எதுவோ, அவ்வாயிலின் அளவே அறிவும் அமையும் என்பதற்கு இஃது ஒரு சான்று. இதற்கு நேர்மாறான வாயிலை அடுத்த நூற்றாண்டில் வந்த ஒருவர் தேர்ந்தார்.

தரங்கம்பாடியில்

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-இல் சாக்சனி நாட்டில் பிறந்தவர். ஃகாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரின் தொடர்பு பெற்றவர். பிராங்கே ஏழைச் சிறுவர்க்கெனப் பள்ளியும், அநாதை இல்லமும் நிறுவிப் புகழ் பெற்றவர் என்பது கருதத்தக்கது. டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, சீகன்பால்கு புளூட்சோ என்பவரோடு 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்து நான்கும் நிரம்பவில்லை.

தமிழ் கற்க விரும்பிய அவ்விளைஞர் செய்த செயல் வியத்தற்குரியது. அவ்வூரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதிய ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவர் தம் மாணாக்கரோடு தம் இல்லத்திற்கே வந்து பள்ளியை நடத்துமாறு ஏற்பாடு செய்தார். பின்னர், அப்பிள்ளைகளோடு தாமும் தோழர் புளூட்சோவும் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து கற்றனர். அரசன் ஆணை பெற்று வந்த குரு ஒருவர், பேரர் வயதுடைய ஆசிரியர்க்குப் பேரர் போன்ற சிறுவரிடையே, அவர்கள் சொல்லும் முறைப்படி எழுத்துச் சொல்லி அமர்ந்திருந்த காட்சியைத் தரங்கம்பாடி ஐரோப்பியர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவித்த முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதனை இன்றைய மாணவர் கண்டிலர். ஆசிரியர் முதலில் குழந்தையின் விரலைத் தம் கையாற் பற்றி மணலில் எழுத்தை வரைவிப்பார். குழந்தை வரையும்பொழுதே அவ்வெழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். பிறகு தானே வரையும், கையால் தடவி அழிக்கும், மீண்டும் வரையும். கண், செவி, நா, விரல் ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்படும். பிழை செய்தால் அழித்தற்கு ஒரு கணமே போதும். ஏடு கெடுவதும் இல்லை, எழுத்தாணி கீறுவதும் இல்லை. மணலிற் கை தேர்ந்த பின்னரே குழந்தைக்கு ஓலை வழங்கப்பெறும்.

எழுத்திற்குக் குழந்தைகள் கூறிய பெயரும் நோக்கத்தக்கது. தொல்காப்பியம் புணரியலில் எழுத்துச் சாரியைகளாகக் காரம், கரம், கான் என்பவற்றைக் கூறும். திண்ணையிலோ ‘ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா’ என்றே ஒலித்தது. இலக்கண நூல் கூறாத இவ்வழக்கு, குழந்தையின் நாவிற்கு எளிதாகவும் குறில் நெடில் வேறுபாட்டைச் செவிக்கு உணர்த்துவதாகவும் அமைந்துள்ளது. சீகன்பால்கின் நாவில் முதலிற் பயின்ற தமிழும் இதுவாகவே இருந்திருத்தல் வேண்டும். இலக்கணப் புலவரிடம் தொடங்கியிருந்தால் அகரம், ஆகாரம் என்று பயின்றிருப்பார். தெருவில் நடக்கும் சிறுவனொடு உரையாட நெடுநாள் ஆகியிருக்கும்.

ஆயினும் இம்முறையின் எல்லையும் விரைவிற் புலனாயிற்று. ஆசிரியர்க்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. மாணவர்க்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் வந்தன, வாசிக்கவும் வந்தது, பொருள் வரவில்லை. உடனிருந்த சிறுவர் எழுத்துக் கற்பதற்கு முன்பே மொழி கற்றவர். வீட்டில் தாயிடம் பெற்ற சொல்லுக்கே அவர்கள் பள்ளியில் வடிவம் பெற்றனர். சீகன்பால்கிற்கோ வடிவம் மட்டும் கிடைத்தது. பின்னர்ப் போர்த்துக்கேசியம் முதலிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் துணையால் அக்குறை நீங்கி, விரைவில் அவர் தமிழிற் பேசலாயினார். வீட்டு மொழி வேறாயிருக்கும் குழந்தைக்கு எழுத்து மட்டும் கற்பித்தால் என்ன நேரும் என்பதை, கல்வி நூலார் ஆராய்வதற்குப் பல தலைமுறை முன்பே, ஒருவர் தம் உடம்பையே ஆய்வுக் களமாக்கி அறிந்த நிகழ்ச்சி இது.

திண்ணைப் பிள்ளைகளோடு அமர்ந்ததன் பயன் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1708-இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட சுவடிகள் இடம் பெற்றன. அவ்வாண்டே அவர் செருமானிய மொழியில் பெயர்த்த நூல்கள் எவை? கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா என்னும் மூன்றும் ஆகும். முதலிரண்டும் திண்ணைப் பள்ளிச் சிறுவர் நாள்தோறும் முறை சொல்லிய சுவடிகள். ஐரோப்பிய அறிஞர் ஒருவர் ஒரு நாட்டின் இலக்கியத்தைத் தம் மக்கட்கு அறிவிக்கப் புகும்போது காப்பியத்தையோ சமய நூலையோ எடுப்பதே இயல்பு. இவர் பாலபாடத்தை எடுத்தார்.

இத்தெரிவைத் தற்செயல் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. கொன்றைவேந்தன் நெடுங்கணக்கு முறையில், ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு தொடராக அமைந்தது. மணலில் எழுத்துப் பயின்றவன் அடுத்த படியில் காலூன்றும் இடம் அது. ஒவ்வொரு தொடரும் தனித்து நிற்கும். முன்னதை மறந்தாலும் பின்னது விளங்கும். உலகநீதியோ ‘செய்ய வேண்டா’ என விலக்கும் வாய்பாட்டைப் பாட்டுத்தோறும் அடுக்கிச் செல்வது. ஒரே வினைமுடிபு பல்வேறு சொற்களோடு கூடி மீண்டும் மீண்டும் வருவதால், மொழி புதிதாகக் கற்பவன் அவ்வாய்பாட்டைத் தன்னையறியாமலே கைவரப் பெறுகின்றான். நம் முன்னோர் அறம் கற்பித்தற்கு இயற்றிய இச்சிறு நூல்கள் மொழிப்பயிற்சி நூல்களாகவும் எத்துணைச் செவ்விதின் அமைந்துள்ளன என்பதை, தாய்மொழியாளராகிய நாம் எளிதில் உணர்வதில்லை. புறத்தேயிருந்து வந்து பிள்ளைகளோடு அமர்ந்தவர்க்கே அது விளங்கிற்று. உலகநீதி முருகனை வாழ்த்தும் நூல் என்பதையும், பெயர்த்தவர் லூத்தரன் குரு என்பதையும் சேர்த்து நோக்கின் இதன் அருமை மேலும் புலப்படும்.

அவருடைய தமிழிலக்கணம் 1716-இல் இலத்தீன் மொழியில் ஃகாலே நகரில் அச்சாயிற்று. நன்னூல் நெறியை அடியொற்றாது வழக்குத் தமிழுக்கு நெருங்கி நிற்பது அந்நூல். அதனைக் குறைபாடாகக் கருதிய புலவரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே சோழநாட்டுக் கடற்கரையில் வழங்கிய மொழிக்கு அது ஓர் அரிய சான்று. திண்ணையிலும் தெருவிலும் கேட்டவர் எழுதிய இலக்கணம் வேறெவ்வாறு இருத்தல் கூடும்?

சீகன்பால்கு தாமே பிள்ளைகட்குப் பள்ளிகளைத் தொடங்கினார். வந்த மறு ஆண்டாகிய 1707-இலேயே இவ்வேலை தொடங்கிவிட்டது. பெண் குழந்தைகட்கும் பள்ளி ஏற்பட்டது. டேனியத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கினால் 1708-ஆம் ஆண்டு இறுதியில் சிறைப்பட்டு நான்கு திங்கள் கோட்டையில் அடைபட்டிருந்தார். 1719-இல், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. இப்பள்ளிகள் சமயம் பரப்பும் நோக்கத்தோடு எழுந்தவை. உணவும் உடையும் தந்து உடன் வைத்து வளர்த்த பிள்ளைகள் பலர் ஏழைகள். அவர்தம் சமய மாற்றத்தில் அவர்தம் விருப்பம் எவ்வளவு என்று வினவுவது முறையே. மணலிற் கற்றவர் கற்பிக்கத் தொடங்கியபின் ஞானோபதேச வினாவிடையே முதன்மை பெற்றது. கொன்றைவேந்தனைப் பெயர்த்த கை அதனைத் தன் பள்ளியில் எந்த அளவிற்கு இடம் பெறச் செய்தது என்பது தனியே ஆராயத்தக்கது. ஃகாலேயில் இருந்தோரும் அவர் தமிழ்ச் சமய நூலாராய்ச்சியை அச்சிட முன்வரவில்லை. 1713-இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியக் கடவுளர் மரபு பற்றிய நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. மூன்று நீதி நூல்களின் பெயர்ப்போ 1930-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. கற்றவர் விரும்பியதை அனுப்பியவர் விரும்பவில்லை. இம்முரண் மறைப்பணியாளர் வரலாற்றில் பலகாலும் காணப்படுவதே.

எழும்பூரில்

தரங்கம்பாடி மணலை நன்றியோடு நினைக்கும் நாம், சென்னை மணலை நினைக்கும்போது சிறிது கடுமையாகப் பேச வேண்டியுள்ளது. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்தியர் மறைப்பணிச் சங்கத்தார் அனுப்பியவர் அல்லர். படைக்குரிய சமய குரு. 1789-இல் எழும்பூரில் ஏற்பட்ட படைவீரர் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்திற்கு அவர் மேற்பார்வையாளரானார். அங்கே வாழ்ந்தோர் ஐரோப்பியப் படைவீரர்க்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்த சிறுவர். அவர்க்கு ஆங்கில எழுத்துக் கற்பிப்பதற்குள் ஆசிரியர் சலித்துப் போயினர்.

ஒரு நாட்காலை குதிரையேறிச் சென்ற பெல், ‘மலபார்’ பள்ளி ஒன்றில் சிறுவர் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். மலபார் என்றது இங்கே மேலைக்கடற்கரையை அன்று. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் அப்பெயராற் குறித்தனர். இல்லத்திற்குத் திரும்பிய பெல், தொடக்க வகுப்பு ஆசிரியரிடம் அங்ஙனமே மணலிற் கற்பிக்குமாறு கூறினார். ஆசிரியர் இயலாது என்றார். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஜான் பிரிஸ்கன் என்னும் அச்சிறுவன், வளர்ந்தோர் இயலாது என்றதைச் செய்து காட்டினான். அவன் வெற்றியைக் கண்ட பெல், படிப்படியாக இல்லம் முழுவதிலும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டில் இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ அக்காலத்தே இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய முறையைக் கையாள, கண்டுபிடித்தவர் யார் என்னும் பூசல் இரு சமயக் கட்சியாரிடையே நெடுங்காலம் நடந்தது. 1832-இல் இறந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கிடைத்தது. அவர் விட்டுச்சென்ற பொருளால் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. நம் நகரின் பெயர் 1996-இல் மாறியபின்னும் அங்கே அது மாறவில்லை.

மணலெழுத்தை மலபார்ப் பள்ளியிற் கண்டதைப் பெல் மறைக்கவில்லை. ஆனால் மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை தம் கண்டுபிடிப்பென்றே கொண்டார். சட்டாம்பிள்ளை என்னும் சொல்லை அறிந்த எவரும் இதனைக் கேட்டுப் புன்முறுவல் கொள்ளாதிரார். மூத்த மாணாக்கன் இளையோரை முறை சொல்லச் செய்தலும், பாடம் ஒப்பித்தலைக் கேட்டலும் திண்ணைப் பள்ளியின் உயிர்நிலை. உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வரலாற்றில் அப்பள்ளிகளின் நடைமுறையை எழுதியிருப்பது அனைவரும் அறிந்ததே. பெல்லுக்கு நூற்றறுபது ஆண்டுகட்கு முன், 1623-இல், பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி கன்னட நாட்டு இக்கேரியில் நான்கு சிறுவரைக் கண்டார். அவர்கள் ஆசிரியரின்றியே தரையில் மணல் பரப்பி, பாடியவாறே எண்களை எழுதிப் பயின்றனர். பிழை நேர்ந்தால் திருத்துவார் யார் என்று அவர் வினவ, ஒரே இடத்தில் நால்வரும் ஒருங்கே மறத்தல் இயலாது என்று அச்சிறுவர் விடை பகர்ந்தனராம். இதனினும் தெளிவாக இம்முறையின் உட்பொருளைப் பெல்லின் நூலும் உரைக்கவில்லை.

பெல் கண்டது ஏதோ ஓர் அரிய பள்ளியன்று என்பதற்கும் சான்றுண்டு. ஆளுநர் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். இவற்றுள் மிகப் பல திண்ணைப் பள்ளிகளே. பெண் குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துக் குழந்தைகளும் அவற்றிற் பெரிதும் இடம் பெறவில்லை என்பதை மறந்து அப்பள்ளிகளைப் பொற்காலமாகப் பாடுதலும் நேர்மையன்று. மறைப்பணியாளர் பள்ளிகள் வேரூன்றியதற்கு இவ்விடைவெளியே காரணம்.

மணலிலிருந்து கிளம்பிய இம்முறை பின்னர்ப் புதுமை என்னும் பெயரோடு இந்நாட்டிற்கே திரும்பிற்று. 1814-இல் வங்காளத்துச் சின்சுராவில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த இராபர்ட் மே தொடங்கிய பள்ளிகளில் பெல்லின் முறை கையாளப்பட்டது. ஆயின், திரும்பி வந்தபோது அதன் தன்மை திரிந்துவிட்டது. திண்ணையில் அறுவர் எழுவர்க்கு ஒரு சட்டாம்பிள்ளை இருந்தான், அவர்கள் ஒரு தெருவினர், ஒருவரையொருவர் அறிந்தவர். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் நிறுத்தி, செலவைக் குறைத்தற்குரிய கருவியாக இம்முறை ஆளப்பட்டது. குழந்தை குழந்தைக்குக் கற்பிக்கும் அன்புத் தொடர்பு மறைந்தது; வரிசையும் கட்டளையும் எஞ்சின. கற்றுக்கொண்ட அயலார் எதனைக் கொண்டு சென்றார், எதனை இங்கேயே விட்டுச் சென்றார் என்பதைப் பெல்லின் வரலாற்றைப் போல் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

விரலால் தடவி எழுத்தறிதல் என்பது மற்றொரு வழியாலும் சென்னைக்குத் திரும்பியது. உரோமை நகரில் 1907-இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பயிலும்படி செய்தார். அவர் 1939-இல் அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவர் மறைப்பணியாளர் அல்லர். திண்ணைப் பள்ளியிலிருந்து இதனைப் பெற்றவரும் அல்லர். குழந்தையின் விரலை உற்றுநோக்கியவர் எந்நாட்டினராயினும் ஒரே முடிவிற்கு வந்துள்ளனர் என்ற அளவே நாம் கூற இயலும்.

தோனாவூரில்

எழுத்தை விட்டு உறவுக்கு வருவோம். எமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, 1895-இல் இந்தியாவிற்கு வந்தவர். திருநெல்வேலிச் சீமையில் ஊர்தோறும் சென்று சமயம் பரப்புவதே அவர் முதலில் மேற்கொண்ட பணி. 1901-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கோயிற்பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவ்வொரு குழந்தை அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது. அவளைத் தொடர்ந்து பல குழந்தைகள் வந்தனர். ஊர் சுற்றியவர் ஓரிடத்தில் அமர்ந்தார். உபதேசம் செய்தவர் தொட்டிலாட்டினார். தோனாவூரில் எழுந்த அவ்வில்லத்தில் 1918 முதல் ஆண் குழந்தைகளும் வளர்ந்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாயகத்திற்கு ஒருமுறையேனும் திரும்பாது வாழ்ந்து, 1951-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் அங்கேயே மறைந்தார்.

தமிழாராய்வார் தோனாவூரிற் காணத்தக்கது அங்கு வழங்கிய முறைப்பெயர்களே. கார்மைக்கேலைக் குழந்தைகள் ‘அம்மா’ என்றனர். குழந்தைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’ எனப்பட்டனர். பின்னர் அயல்நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் ‘சித்தி’ என்றும், ஆடவர் ‘அண்ணாச்சி’ என்றும் அழைக்கப்பட்டனர். இவற்றுள் அண்ணாச்சி என்பது நெல்லை மண்ணின் மணம் கமழும் சொல். துரை, துரைசானி, ஐயர் என்னும் பெயர்கள் மறைப்பணியாளர் வாழிடங்களில் ஆட்சி செய்த காலத்தில், இவ்வில்லம் மட்டும் தமிழ்க் குடும்பத்தின் சொற்களை எடுத்துக்கொண்டது. இதனைத் திட்டமிட்டு வகுத்தார் என்பதினும் குழந்தைகள் வகுத்தனர் என்பதே பொருந்தும். தாயைப் பிரிந்த குழந்தை தன்னைத் தூக்கியவரை வேறெச்சொல்லால் அழைக்கும்? பேராசிரியர் என்றோ மேற்பார்வையாளர் என்றோ அழைக்க அதற்குத் தெரியாது.

1909-இல் வெளிவந்த ‘தாமரை மொட்டுகள்’ என்னும் பொருளுடைய தலைப்பினதாகிய அவர் ஆங்கில நூல் முழுவதும் இக்குழந்தைகளைப் பற்றியதே. குறும்பும் பிணக்கும் மழலையும் நிறைந்த அந்நூலில் அக்காள் என்னும் சொல்லைப் பெயர்க்காமலே ஆண்டுள்ளார். ‘மூத்த சகோதரி’ எனப் பெயர்த்தால் சோறூட்டும் கையும், கண்டிக்கும் குரலும், இடுப்பிலேந்தும் பழக்கமும் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். இந்நூலிற் காணும் மகிழ்ச்சி போலியானதன்று. குழந்தைகட்குப் பாட்டு இயற்றினார். பிறந்த நாள் அறியாக் குழந்தைகட்கு அவர்கள் வந்து சேர்ந்த நாளையே விழாவாகக் கொண்டாடும் வழக்கம் அங்கே உண்டாயிற்று. ஒரு குழந்தைக்கு அஃது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும், இக்குழந்தைகள் தம் சுற்றத்தைப் பிரிந்து வேறொரு சமயச் சூழலில் வளர்ந்தனர் என்பதும், ஊரார் சிலர் அதனை எதிர்த்து வழக்காடினர் என்பதும் வரலாறு. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் ஒழித்தது. அதற்கு முன் அச்சிறுமியர்க்குப் புகலிடம் அரிதாயிருந்தது. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்பதே ஆராய்ச்சியாளர் கடன். கார்மைக்கேலின் கல்லறையில் கல் நாட்ட வேண்டா என்பது அவர் விருப்பம். குழந்தைகள் அங்கே பறவைகள் நீருண்ணும் கற்றொட்டி ஒன்றை வைத்து, அதில் ‘அம்மா’ என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர். அயல்நாட்டார் ஒருவர்க்குத் தமிழிற் கிடைத்த பட்டங்களுள் இதனைக் காட்டிலும் சிறிய சொல் இல்லை.

எண்ணூர்ப் பகுதியில் இன்று

தரங்கம்பாடியில் சீகன்பால்கு பட்ட இடர்ப்பாடு பழங்கதையாகிவிடவில்லை. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் முதலிய இடங்களில் தொழில் தேடி வந்துள்ள வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் இந்தி, ஒடியா, வங்காளி முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருட் பலர் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்கின்றனர். தொடக்க வகுப்பினர்க்கென 2022-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அட்டைகளையும் பாடல்களையும் கொண்டு அவர்கள் எழுத்தறிகின்றனர். இப்பகுதி ஆசிரியர் சிலரோடு நாம் உரையாடியபோது அவர்கள் கூறியது ஒன்றே: இக்குழந்தைகள் எழுத்தைப் பிழையின்றி எழுதுகின்றனர், உரக்க வாசிக்கவும் செய்கின்றனர், வாசித்தது என்னவென்று வினவினால் விழிக்கின்றனர். மொழி தெரியாக் குழந்தைக்கு அழகப்பனாக அமைவோர் யார்?

அமைபவர் பெரும்பாலும் அருகிலிருக்கும் குழந்தையே என்பதும் அவ்வாசிரியர் கூற்று. வகுப்பில் ‘கொடு’ என்பதற்கு முன் விளையாட்டில் ‘குடு’ வந்துவிடுகின்றது. ‘தண்ணீர்’ என்பதற்கு முன் ‘தண்ணி’யும், ‘ஆசிரியை’ என்பதற்கு முன் ‘அக்கா’வும் வந்துவிடுகின்றன. ஆசிரியையர் சிலரும் அக்குழந்தைகளிடமிருந்து பசி, வலி, வீடு என்பவற்றிற்குரிய பிறமொழிச் சொற்களைக் கேட்டுப் பழகியுள்ளனர். அவை இன்றி அழும் குழந்தையைத் தேற்றுதல் இயலவில்லை என்கின்றனர். கடற்கரைத் தமிழ் இவ்வாறு பிறமொழிக் குழந்தைகளின் நாவிற் புகும்போது எவ்வொலி திரிகின்றது, எவ்வுருபு முதலில் நிற்கின்றது, ழகரமும் றகரமும் என்னாகின்றன என்பவற்றை இதுவரை எவரும் முறையாகத் தொகுத்ததாக நாம் கண்டிலோம். தரங்கம்பாடித் திண்ணையில் ஒருவர் தம் காதாற் கேட்டு எழுதிவைத்ததனால் 1716-ஆம் ஆண்டின் வழக்குத் தமிழ் நமக்குக் கிடைத்தது. எண்ணூர்ப் பள்ளிகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓராண்டு அமரக்கூடிய முதுகலை மாணவர் இருவர் முன்வருவராயின், இப்பணி அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கப் பெறலாம்.